முற்றத்தில் பிறந்த பள்ளி

'அங்கன்வாடி' என்னும் சொல்லை அறியாத தாய் இன்று நம் தெருவில் இல்லை. ஆயின், அச்சொல் யார் வீட்டு வாயிலில் பிறந்தது என்பதை அறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. நம்மைப் போன்றோர் வாழ்ந்த ஒரு சேரியின் முற்றத்தில்தான் அது பிறந்தது என்பதை இம்மலரைப் படிக்கும் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அங்குச் சேர்ந்தோர் கூலித் தொழிலாளரின் பிள்ளைகள். ஏழைக் குழந்தைகளிடம் கண்ட அம்முறை, நம் நாட்டிற்கு வந்தபின் பெரும்பாலும் வசதி படைத்தோர் பிள்ளைகளுக்கே கிட்டியது. கருவிகளின் விலை அப்படி! குஜராத்தின் பவநகரில் கிஜுபாய் பதேக்காவுடன் அம்முறையைத் தாய்மொழி வழியே வளர்த்தவர் தாராபாய் மோடக் அம்மையார். சிற்றூர் ஏழைகளுக்கும் அது எட்டவேண்டும் என்று கருதிய அவர், 1945இல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் பாலவாடி தொடங்கினார். உடன் நின்றவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணம் முடித்து, சில திங்களிலேயே கணவனை இழந்தவர்.

ஊர்ப் பிள்ளைகள் வந்தனர். அன்று 'ஹரிஜனவாடா' எனப்பட்ட சேரியின் பிள்ளைகள் வரவில்லை. (அப்பெயர் நாம் கேட்டுப் பெற்ற பெயரன்று.) இந்நிலையில் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் 'வருகை இல்லை' என்று எழுதிப் பதிவேட்டை மூடிவிடுவோம். தாராபாயோ, பள்ளியையே சேரிக்குக் கொண்டு சென்றார். முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டி, குளிப்பாட்டித் தலைவாரி, பாட்டும் கதையும் சொல்லப்பட்டன. விலையுயர்ந்த கருவிகளுக்கு மாற்றாகக் கூழாங்கல்லும் விதையும் இலையும் கிளிஞ்சலும் எண்ணக் கற்பித்தன. 'அங்கன்' என்றால் முற்றம். அதனால் அது அங்கன்வாடி ஆயிற்று.

1957இல் இப்பணி கோஸ்பாட் குன்றிற்கு, வார்லி பழங்குடியினரிடையே சென்றது. மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பால் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, குழந்தைக் காப்பகமும் பாலவாடியும் தொடக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமைக்கப்பட்டன.

இதைப் படித்தபோது நாம் தலைகுனிந்தோம். நடவு நாள்களில் தம்பியை இடுப்பில் சுமந்தபடி பள்ளி வேலியோரம் நின்ற மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை, குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருமாறு திருப்பி அனுப்பியவர் நாமே. வீட்டில் எவரும் இல்லை என்பதை நாம் கேட்கவில்லை. அவள் பிறகு வரவேயில்லை.

1975 அக்டோபர் 2ஆம் நாள் நடுவணரசு 33 வட்டாரங்களில் குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, முற்றத்தின் பெயரையே தன் மையங்களுக்குச் சூட்டியது. தமிழகத்தில் 1982 சூலை முதல் நாள் சத்துணவும் வந்தது. பசித்த வயிற்றில் எழுத்து நில்லாது. ஆகவே அது பெரும் பேறே. ஆனால், சேரியில் பிறந்த பள்ளி, நாம் பணிபுரிந்த சில சிற்றூர்களில் ஊர்த்தெருவில் அமர்ந்துகொண்டு, சேரிக் குழந்தைகளைத் தன்னிடம் நடந்துவரச் சொன்னது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது நெடுந்தொலைவு. தூரம் காலுக்கு மட்டுமன்று.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் உயர்நிலை மாணவர்க்கே உதவித்தொகை அளித்து வந்துள்ளது. ஒன்றாம் வகுப்பிற்கு முன்பே பின்தங்கிவிட்டவர்கள் அத்தொகையைப் பெற ஒருநாளும் வருவதில்லை. சங்கக் கட்டடத்தின் முன்முற்றம் காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை வெறுமையாகவே கிடக்கிறது. அதன் சாவி செயற்குழுவிடம் உள்ளது.