ஏறுபவருக்கே வழி

1845இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் குடியேறத் தொடங்கியபோது அங்கே வண்டிச்சாலை இல்லை. பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான மலைப்பாதைதான். துரைமார்களைக் கூலியாட்கள் டோலியில் சுமந்து ஏறினர். 1914இல் வத்தலக்குண்டு வழியிலான மலைச்சாலை முற்றுப்பெற, தோள்களின் பாரம் மெல்ல எந்திரத்துக்கு மாறியது.

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. பாரத்தோடு ஏறுபவருக்கே முதலிடம் என்னும் அறம் அதில் உறைந்திருக்கிறது. பெருநகர நெரிசலில் முந்தியே பழகிய நாமோ, கொண்டை ஊசி வளைவிலும் ஒலிப்பானை அலறவிட்டு முந்துகிறோம்.

வண்டிகள் பெருகவே, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு நாளொன்றுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என வரம்பும் வந்தது. எண்ணிக்கையை நீதிமன்றம் குறைக்கலாம். ஒதுங்கி நின்று வழிவிடும் பண்பை நாமேதான் மீட்டாக வேண்டும்.