கனத்தொலுவயில் தொடங்கிய சிரமதானம்

இலங்கையின் குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்த கனத்தொலுவ என்னும் சிற்றூருக்கு, 1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியரான ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களையும் சக ஆசிரியர்கள் சிலரையும் அழைத்துச் சென்று, ஊர் மக்களோடு தங்கி உழைக்கும் முகாம் ஒன்றை நடத்தினார். சிரமதானம், அதாவது கூலி பெறாமல் உடலுழைப்பைப் பொதுப்பணிக்குக் கொடையாக அளித்தல், அந்நாட்டில் ஓர் இயக்கமாக வேர்விட்டது அந்த முகாமிலிருந்தே ஆகும்.

கனத்தொலுவ தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் அங்கு வாழ்ந்தவர்கள் ரொடியா சமூகத்தவர் என்பதே. சிங்களச் சாதி அடுக்கின் அடித்தட்டுக்கும் கீழே தள்ளப்பட்ட இம்மக்கள், கண்டி மன்னராட்சிக் காலத்தில் நிலம் வைத்துப் பயிரிடவோ, இடுப்புக்கு மேல் ஆடை அணியவோ, பிறர் வீட்டு வாசலை மிதிக்கவோ உரிமையற்றவர்களாய், இரந்துண்டே வாழுமாறு விதிக்கப்பட்டிருந்தனர். 1681இல் வெளியான ராபர்ட் நாக்ஸின் இலங்கை வரலாற்று நூலிலும் இவர்களது இழிநிலை பதிவாகியுள்ளது. ஊரிலிருந்து ஒதுக்குப்புறமாக அமைந்த இவர்களது குடியிருப்புகளுக்குக் ‘குப்பாயம’ என்றே தனிப்பெயர் வழங்கிற்று. பிரித்தானிய ஆட்சி இப்பழைய தடைகளைச் செல்லாததாக்கிய பின்பும், சுதந்திரம் வந்த பின்பும், தீண்டாமை மட்டும் மக்கள் மனத்தில் சட்டத்தின் துணையின்றியே நிலைத்து நின்றது.

அம்முகாமில் மாணவர்கள் கிணறு தோண்டினர், கழிப்பிடங்கள் அமைத்தனர், வீட்டுத்தோட்டங்களுக்கு மண் கொத்தினர். இவற்றைக் காட்டிலும் பெரிய மாற்றம் அவர்கள் அவ்வூரிலேயே தங்கி, அம்மக்களோடு ஒரே பந்தியில் உண்டதுதான். பிறருக்கு உதவச் செல்வோர் கொடுப்பவராகவே நின்று, மாலையில் தம் வீடு திரும்பிவிட்டால், பெறுபவரின் தாழ்ச்சி அப்படியே எஞ்சிவிடும். கனத்தொலுவயிலோ, எவர் கையால் நீர் வாங்கக்கூடாது என்று நகரத்து உயர்சாதிப் பிள்ளைகளுக்குத் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டதோ அவர்களே விருந்தோம்பும் வீட்டாராகவும் அப்பிள்ளைகள் விருந்தினராகவும் இடம் மாறினர். தொண்டு பிளவை ஆற்றுவது இத்தகைய இடமாற்றம் நிகழும்போதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பின்னர் இம்முயற்சி ‘சர்வோதய சிரமதான இயக்கம்’ என்று பெயர்பெற்றது. சர்வோதயம் என்பது அனைவரது உயர்வையும் குறிக்கக் காந்தியடிகள் கையாண்ட சொல். வினோபா பாவே 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தொடங்கிய பூதானத்தின், அதாவது நிலக்கொடை இயக்கத்தின், தாக்கமும் ஆரியரத்னவிடம் ஆழமாக இருந்தது. முகாமில் நாள்தோறும் ‘பவுல் ஹமுவ’ எனப்படும் குடும்பக் கூடல் நடைபெற்றது; அதில் கலந்துகொண்டோர் ஒருவரையொருவர் அய்யா (அண்ணன்), அக்கா, மல்லி (தம்பி), நங்கி (தங்கை) என்று உறவுமுறை சொல்லியே விளித்தனர். சிங்களத்தில் முன்னிலைச் சொற்கள் எதிரிலிருப்பவரின் தகுதிக்கேற்ப இழிந்தும் உயர்ந்தும் வருபவை. தாழ்த்தப்பட்டோர் அவற்றுள் இழிந்தவற்றையே காலங்காலமாகக் கேட்டுவந்தனர் என்பதை நினைத்தால், இவ்வழக்கத்தின் எடை விளங்கும். இயக்கம் 1960களின் இறுதியில் நூறு கிராமங்களை இலக்காகக் கொண்டு விரிந்தது. 1969இல் ஆரியரத்னவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ரிச்சர்ட் கோம்ப்ரிச், கணநாத் ஒபயசேகர ஆகிய அறிஞர்கள், இவ்வியக்கம் பண்டைய பௌத்தக் கிராமத்தைப் பொற்காலமாகக் கற்பனை செய்கிறது என்று 1988இல் விமர்சித்தனர். இயக்கத்தின் பிற்காலப் பேச்சுகளுக்கு அது பொருந்தக்கூடும். கனத்தொலுவவுக்குப் பொருந்தாது, ஏனெனில் அம்முகாம் கிராம வாழ்வின் கொடுமையை நேருக்கு நேர் கண்டு தொடங்கியது.

இயக்கத்தின் உண்மையான எல்லை வேறிடத்தில், சிங்கள-தமிழ் இனப்பிளவில், தெரிந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. 1958 மே மாதத்தில், கனத்தொலுவ முகாமுக்குச் சில மாதங்கள் முன்னரே, தமிழருக்கு எதிரான பெருங்கலவரம் வெடித்தது. சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் தத்தம் மொழிவழியில் தனித்தனியே கற்று, அடுத்தவர் மொழியறியாமல் வளர்ந்தனர். 1983 ஜூலைப் படுகொலைகளின்போது சர்வோதயத் தொண்டர்கள் அகதிமுகாம்களில் தமிழருக்குத் துணைநின்றனர். அதே ஆண்டின் இறுதியில் ஆரியரத்ன கதிர்காமத்திலிருந்து நயினாதீவு வரை அமைதி நடைப்பயணம் ஒன்றையும் தொடங்கினார். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குத் தமிழ் அடியார்கள் செல்லும் பழைய பாதயாத்திரைக்கு எதிர்த்திசையில், சிங்களரும் தமிழரும் வணங்கும் இரு தலங்களை இணைப்பதாக அமைந்த அப்பயணம், ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தனா கேட்டுக்கொண்டதன்பேரில் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. சாதிப் பிளவில் இயக்கத்துக்குத் தடையாயிருந்தது ஊர் வழக்கம். இனப்பிளவிலோ சட்டமும் படையும் தேர்தல் கணக்கும் குறுக்கே நின்றன. கடப்பாரையும் மண்வெட்டியும் எட்டாத இடம் அது.

பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில் 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டதையடுத்து, இவ்வியக்கம் அனுராதபுரத்தில் நடத்திய, இலட்சக்கணக்கானோர் கூடிய அமைதித் தியானம் பெரிதும் பேசப்பட்டது. ஆனால், தென்னிலங்கைக் கிராமங்களைப் போரில் சிதைந்த வடக்கு, கிழக்குக் கிராமங்களோடு இணைத்து, தெற்கின் தொண்டர்களை அங்கு உழைக்க அனுப்பும் திட்டமே கனத்தொலுவயின் நேரான வாரிசாகக் கொள்ளத்தக்கது. அத்தகைய பயணங்கள், பெரும்போர் மூள்வதற்கு முந்தைய கால் நூற்றாண்டிலேயே, அரசின் ஆதரவோடு ஊர்தோறும் நடந்திருக்க வேண்டும்.