முதுகு காட்டிய நடிகர்

எழுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லை அடுத்த எங்கள் சிற்றூரின் டூரிங் கொட்டகையில் மணலில் அமர்ந்து, 1965இல் வெளிவந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யைப் பார்த்தேன். ஒரே எம்.ஜி.ஆர். எவ்வாறு இருவரானார் என்று தந்தையாரைக் கேட்டேன். “டூப் போட்டிருப்பார்கள்” என்றார். போட்டவர் யார் என்றேன், அவருக்குத் தெரியவில்லை. கொட்டகையில் எவருக்குமே தெரிந்திராது.

மாணவ நண்பர்களே, ஒருவரை இருவராகக் காட்ட அந்நாளில் இரு வழிகள் இருந்தன. ஒன்று ஒளிப்பதிவாளரின் வித்தை. காமிராவின் பார்வையில் ஒரு பாதியை மறைத்து ஒரு வேடத்தைப் படமெடுப்பார்கள். பின்னர் அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து, மற்ற வேடத்தை எடுப்பார்கள். காமிரா மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு தெரியும். நடிகர் அக்கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கையே மறைந்துபோகும்! ஆகவே, அண்ணனும் தம்பியும் தழுவிக்கொள்ளவோ வாட்போர் புரியவோ வேண்டிய இடத்தில் இவ்வித்தை உதவாது.

அங்கேதான் டூப் நடிகர் வருகிறார். நாயகனின் உயரமும் தோளகலமும் நடையும் அவருக்கு வேண்டும். அதே உடை, அதே சிகை. முகத்தை மட்டும் காமிராவுக்குக் காட்டலாகாது. அண்ணனின் முகத்தை எடுக்கையில் தம்பியின் முதுகாக நிற்பார்; நாயகர் உடை மாற்றி வந்ததும், அவரும் மாற்றிக்கொண்டு அண்ணனின் முதுகாவார்.

தமிழில் இரட்டை வேடத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸார் பி.யு. சின்னப்பாவைக் கொண்டு எடுத்த ‘உத்தமபுத்திரன்’. அதே பெயரில் சிவாஜி கணேசன் நடித்த படம் 1958இல் வந்தது. அவ்வாண்டிலேயே எம்.ஜி.ஆர். தாமே இயக்கி நடித்த ‘நாடோடி மன்னன்’ வெளியாயிற்று. அக்கதையில், மன்னன் மார்த்தாண்டனுக்குப் பதிலாக, அவன் சாயலுடைய வீராங்கன் என்னும் குடிமகன் அரியணை ஏறுகிறான். கதையே ஒரு டூப்பின் கதை! வீராங்கனை நாடு கொண்டாடியது. ஆனால், டூப் நடிகரைப் பெயர்ப் பட்டியலில் தனியே குறிக்கும் வழக்கம் அக்காலத்தில் பெரும்பாலும் இல்லை.

வரலாற்றில் பெயர் தங்கியவர் கே.பி. ராமகிருஷ்ணன். எம்.ஜி.ஆருக்குப் பல்லாண்டுகள் மெய்க்காப்பாளராக இருந்தவர், சண்டைக் கலைஞர், இரட்டை வேடப் படங்களில் அவருக்கு டூப்பாக நின்றவர். தம் நினைவுகளை நூலாகவும் எழுதினார். 2021இல் மறைந்தார். நாயகரின் அருகிலேயே வாழ்ந்ததாலும் எழுதிவைத்ததாலும் அவரை அறிகிறோம். அவ்வாய்ப்பு அமையாதவர்கள் எத்தனை பேர்!

இத்தொழிலில் ஒரு கொடுமை உண்டு. வேலையில் பிழை நேர்ந்தால்தான் இரசிகன் டூப்பைக் கண்டுகொள்வான். பிழையின்றிச் செய்தவர் இருந்த தடமே தெரியாது. மற்ற எந்தத் தொழிலாளிக்கும் நாம் இப்படிக் கூலி கொடுப்பதில்லை. இன்று கணினியால் ஒருவர் உடலில் மற்றொருவர் முகத்தைப் பொருத்துகிறார்கள். அங்கும் உடல் தந்தவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

பழைய இரட்டை வேடப் படங்கள் தொலைக்காட்சியில் வரும்போது, என் பேரப்பிள்ளைகள் நாயகரின் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எதிரே நிற்பவரின் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.