மாந்தை – முருங்கன் வட்டாரம்: வரலாற்று மூலநூல்கள்

மன்னார் மாவட்டத்தின் பெருநிலப்பகுதியில், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியில் முருங்கன் அமைந்துள்ளது. அருகே கட்டுக்கரைக்குளம், வடமேற்கே, பாளி நூல்கள் ‘மகாதித்த’ என்றும் தேவாரம் ‘மாதோட்டம்’ என்றும் கூறும் மாந்தைத் துறை. இவ்வட்டாரத்தின் பழைய வரலாற்றில் பெரும்பகுதி, இங்கே வாழாதவர்கள் எழுதிய நூல்களிலிருந்தே தொகுக்கப்படுகிறது. அநுராதபுரத்து பிக்குகள், கோவாவிலிருந்த யேசு சபைத் துறவிகள், யாழ்ப்பாணத்துப் புலவர் ஒருவர் ஆகியோர் இவர்களுள் முக்கியமானவர்கள். இங்கிலாந்தின் இடைக்கால வரலாறும் பீட், மத்தேயு பாரிஸ் முதலிய துறவிகளின் இலத்தீன் ஏடுகளையே பெரிதும் நம்பியிருக்கிறது. மடத்துக்குக் கொடுத்த அரசன் நல்லவன், கொடாதவன் தீயவன் என்னும் சாய்வு அங்கும் இங்கும் உண்டு.

மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று இலத்தீனில் உள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதிய ‘இயற்கை வரலாறு’ நூலின் ஆறாம் பாகம், செங்கடல் வரிக் குத்தகைக்காரர் அன்னியஸ் புளோகமஸ் என்பவரின் பணியாள் ஒருவர் காற்றில் அடிபட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் ‘இப்பூரோஸ்’ துறையை அடைந்ததாகக் கூறுகிறது. கிரேக்கத்தில் ‘இப்போஸ்’ என்றால் குதிரை. எனவே அத்துறை மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலை என்பது பலரின் கருத்து. பெயரொப்புமைக்கு மேல் சான்று இல்லாததால் இதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. வெவ்வேறு பேரரசர்களின் உருவம் பொறித்த உரோம வெள்ளிக்காசுகள் யாவும் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு இலங்கை அரசன் வியந்தான் என்ற செய்தி, துறைமுக நாடொன்றின் கணக்குப் பார்க்கும் கண்ணை நமக்குக் காட்டுகிறது.

ஐந்தாம் அல்லது ஆறாம் நூற்றாண்டில் மகாநாம தேரர் இயற்றியதாகக் கொள்ளப்படும் மகாவம்சத்திலும் அதன் தொடர்ச்சியான சூளவம்சத்திலும், மாந்தை பெரும்பாலும் யாரோ வந்து இறங்கும்போதுதான் தோன்றுகிறது. விசயனுக்காக அனுப்பப்பட்ட பாண்டிய இளவரசி, வட்டகாமணி காலத்தில் படையெடுத்த ஏழு தமிழர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாவக அரசன் சந்திரபானு என எல்லோரும் இங்கேதான் கரையேறுகிறார்கள். கப்பலில் ஏற்றிய சரக்கு எது, வயலில் விளைந்தது எவ்வளவு என்பன அந்நூல்களுக்குரிய பொருள் அல்ல. படையெடுத்து வந்து ஆண்ட மாகனின் படைகள் நின்ற இடங்களைச் சூளவம்சம் அடுக்கும்போது மகாதித்த, மன்னார்ப் பட்டினம் ஆகியவற்றோடு ‘மானாமத்த’ என்ற பெயரும் வருகிறது. அப்பெயருடைய குளம் கட்டுக்கரைக்குளமே என்று கருதுவோர் உளர். குளத்தைக் கட்டியவன் தாதுசேனன் என்பாரும் முதலாம் பராக்கிரமபாகு என்பாரும் உண்டு. பழைய குளம் ஒன்றைப் பிற்காலத்தார் பெருப்பித்திருக்கலாம் என்பதால் இரண்டையும் அடியோடு தள்ள முடியாது.

தேவாரத்தில் சம்பந்தரும் சுந்தரரும் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரக் கோயிலையும் அதன் பாலாவித் தீர்த்தத்தையும் பாடியுள்ளனர்.

சோழர் காலத்துக்கு ஏடுகளைவிடக் கல்லே உதவுகிறது. சோழநாட்டுச் சிறுகூற்றநல்லூரைச் சேர்ந்த தாழிகுமரன் என்பவன் மாதோட்டமான இராசராசபுரத்தில் இராசராசேச்சரம் என்ற கோயிலை எடுப்பித்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது. அக்கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. வைகாசி விசாகத்தை நிறைவாகக் கொண்ட ஏழு நாள் விழாவுக்கு நிவந்தம் வைத்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. சோழப் படையெடுப்பைச் சூளவம்சம் கொள்ளையாகவே விவரிக்க, அதே காலத்து மாதோட்டத்தில் தெருவும் திருவிழாவும் இருந்ததை இந்த ஒரு கல் சொல்கிறது.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காலத்துக்கு 1344இல் இபன் பதூதா அரசனைச் சந்தித்து முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய குறிப்பே பெயர் சொல்லத்தக்கது.

இதற்கு மாறாக, 1544 முதல் சுமார் இருபது ஆண்டுகளுக்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. மன்னார்த் தீவு மக்கள் திருமுழுக்குக் கேட்டதும், தாம் போக இயலாமல் சவேரியார் ஒரு குருவை அனுப்பியதும், யாழ்ப்பாண அரசன் சங்கிலி அவ்வாறு மதம் மாறியவர்களைக் கொல்வித்ததும் அக்காலத்துக் கடிதங்களிலேயே பேசப்படுகின்றன. கொல்லப்பட்டோர் 600 என்றும் 700 என்றும் நூல்கள் வேறுபடுகின்றன. நிகழ்விடமாகச் சொல்லப்படும் ‘பத்திம்’ எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை; உள்ளூர் மரபு தோட்டவெளியைச் சுட்டுகிறது. சங்கிலியைத் தூண்டியது சமயச் சினமா, போர்த்துக்கேயர் தன் கரையில் குடிகளைப் பிடிக்கிறார்கள் என்ற அச்சமா என்பதும் வழக்கில் உள்ள கேள்வியே. கொன்றவன் தரப்பில் ஓர் ஓலையும் எஞ்சவில்லை என்பதை வாசகர் மறக்கலாகாது.

1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்சுதந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாணத்தைத் தாக்கியபின் மன்னாரில் கோட்டை எழுந்தது. புன்னைக்காயலிலிருந்து பரதவர் பலர் இங்கே குடியேற்றப்பட்டனர். அவர்களோடு வந்தவர்களுள் யேசு சபையினரான அண்டிரிக் அடிகளார் ஒருவர். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூல் இவர் தந்தது. ஆளுநர்கள் படைக்கணக்கு எழுதிய காலத்தில் தமிழுக்கு இலக்கணமும் அச்சும் தேடியவர் சில காலம் மன்னார்க் கரையில் இருந்தார் என்பது இவ்வட்டாரத்துக்குப் பெருமையே. யேசு சபையாரின் கடிதங்கள் ஐரோப்பாவில் இலத்தீனிலும் பரவின; மாஃபேயி 1588இல் புளோரன்சில் அச்சிட்ட இந்திய வரலாறு அத்தகைய கடிதங்களைக் கொண்டே எழுந்தது.

பின்னாளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது யேசு சபையினரான பெர்னாவோ த குவேறோஸ் 1687இல் முடித்த நூல். குவேறோஸ் இலங்கையில் கால் வைத்தவர் அல்லர்; கோவாவில் இருந்தபடி பழைய ஏடுகளையும் இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் வாய்மொழியையும் கொண்டு எழுதினார். அவர் நூல் 1916இல்தான் கொழும்பில் அச்சேறியது; எஸ். ஜி. பெரேராவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் வந்தது. பிரான்சிஸ்கன் சபையினரான திரிந்தாதே 1630களில் எழுதிய நூலோடு இதை வைத்துப் படித்தால், எந்தச் சபை எந்த ஊரை மனந்திருப்பியது என்ற போட்டி வரிக்கு வரி தெரியும்.

தமிழ் நூல்களுள் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை தலையாயது. மேக்கறூன் என்னும் ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டதாக அது கூறுவதைக் கொண்டு 1736ஐ ஒட்டிய காலம் சொல்லப்படுகிறது. மன்னார்க் கொலையை அதுவும் கூறுகிறது. ஆனால் சங்கிலி என்னும் ஒரே பெயருடைய இரண்டு யாழ்ப்பாண அரசர்களின் காலத்தை ஒன்றாக்கிவிடுகிறது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் தம் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சன’த்தில் இத்தகைய குழப்பங்களை எடுத்துக்காட்டினார். வைபவமாலை தனக்கு முதனூல்களாகச் சொல்வனவற்றுள் கைலாயமாலையும் வையாபாடலும் கிடைக்கின்றன. இராசமுறை கிடைக்கவில்லை. இவ்விழப்பு சிறியதன்று: தமிழ் அரசவையின் சொந்தப் பதிவுக்கு மிக அருகில் நின்றிருக்கக்கூடிய நூல் அது.

ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைக் கைப்பற்றினர். ஒல்லாந்தக் குரு பால்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூல் இக்கரையின் கோயில்களை விவரிக்கிறது. பிரித்தானியர் காலத்துக்கு சைமன் காசிச்செட்டியின் 1834ஆம் ஆண்டு நில அகராதியும், நீர்ப்பாசன அதிகாரி ஹென்றி பார்க்கரின் ‘பண்டைய இலங்கை’யும் (1909) உதவுகின்றன. குளத்தைக் கல் கல்லாகப் பார்த்து எழுதிய பார்க்கர், அதைக் கட்டியவனைத் தேடிய அளவுக்கு அதன் கீழ் வயல் செய்தவர்களைத் தேடவில்லை.

1980 முதல் 1984 வரை மாந்தையில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தனர். போரினால் பணி நின்றது. முழு அறிக்கை 2013இல் வந்தது. மாந்தையில் பின்னர் கிடைத்த கரிந்த தானியங்களும் மிளகும் கிராம்பும் எந்த வம்சநூலும் சொல்லாத அடுப்படிச் செய்தியைத் தருகின்றன. கட்டுக்கரைக்குளப் பகுதியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் 2016–17இல் நடந்த அகழ்வில் சுடுமண் உருவங்கள் வெளிப்பட்டன. அவற்றை அகழ்ந்தோர் ஐயனார் வழிபாட்டோடு தொடர்புபடுத்துகின்றனர்.