ஆரல்வாய்மொழிப் போர் (1809)

1809 பிப்ரவரி 10 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, திருவிதாங்கூரின் கிழக்கு வாசலான ஆரல்வாய்மொழிக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தது. இடம், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை வட்டம். திருவிதாங்கூர்த் தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி கம்பெனிக்கு எதிராக நடத்திய கிளர்ச்சி இந்தத் தோல்வியிலிருந்து மீளவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓய்ந்து இறங்கும் இடத்தில் உள்ள கணவாய் ஆரல்வாய்மொழி. திருநெல்வேலிப் பக்கமிருந்து நாஞ்சில் நாட்டு வயல்களுக்குள் இறங்க நினைக்கும் படைக்கு இதுவே நேர்வழி. குளச்சல் போரில் (1741) திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பின்பு அவருடைய படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுக்காரர் டிலனாய் இங்கே காவல் மதில்களை வலுப்படுத்தினார். கடலோரத்து வட்டக்கோட்டையும் அந்தக் காவல் ஏற்பாட்டைச் சேர்ந்ததே.

வேலுத்தம்பி 1765இல் தலக்குளத்தில் பிறந்தவர். காரியக்காரராக (வட்ட அதிகாரியாக) இருந்தபோது, அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியின் கட்டாய வசூலை எதிர்த்து, 1799இல் நாஞ்சில் நாட்டு மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். நம்பூதிரியின் பதவி பறிபோனது. சில ஆண்டுகளில் வேலுத்தம்பியே தளவாய் ஆனார்.

அடுத்து நடந்ததைப் பல வரலாறுகள் விரைந்து கடந்துவிடுகின்றன. 1804இல் படிக்காசு குறைப்பை எதிர்த்து நாயர் படை தளவாய்மீதே திரும்பியது. அதை அடக்க அவர் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலேயின் துணையை நாடினார். மறு ஆண்டே புதிய உடன்படிக்கை வந்தது. திருவிதாங்கூர் மண்ணில் நிற்கும் கம்பெனிப் படைக்குத் திருவிதாங்கூர்க் கருவூலமே ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்றானது. நாட்டின்மீது பிரிட்டிஷ் ராணுவத்தின் பிடி இறுகியது 1809இல் அல்ல. உள்நாட்டுச் சண்டையில் உதவிக்கு அழைத்தபோதே இறுகிவிட்டது. வேலுத்தம்பியின் தியாகத்தை மதிப்பவர்கள் இந்தப் பகுதியை மறைக்க வேண்டியதில்லை. தான் கைக்கொண்ட ஏற்பாடு நாட்டை நெரிப்பதைக் கண்டபின்தான் அவர் வாளெடுத்தார்.

அந்த ஆண்டுத் தொகையில் நின்ற பாக்கிக்கான நெருக்கடி முற்றியது. 1808 டிசம்பர் இறுதியில், கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சன் துணையோடு ரெசிடென்ட் மாளிகை தாக்கப்பட்டது. மெக்காலே தப்பிக் கப்பலேறினார். 1809 ஜனவரி 11 அன்று, கம்பெனிக்கு எதிராக மக்களை அழைத்த வேலுத்தம்பியின் குண்டறை விளம்பரம் வெளியானது. நான்கு நாள் கழித்துக் கொல்லத்தில் கம்பெனி அதிகாரி சால்மர்ஸின் படை கிளர்ச்சிக்காரர்களை முறியடித்தது.

சென்னை அரசு கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் அனுப்பிய படை பிப்ரவரி தொடக்கத்தில் கணவாயின் முன் பாளையமிறங்கியது. வேலூர்க் கிளர்ச்சியில் (1806) பலரை இழந்திருந்த 69ஆம் ரெஜிமென்ட் அதில் இருந்தது. சென்னை ராணுவச் சிப்பாய்களும் இருந்தனர். மதிலை நேரே மோதினால் பெருஞ்சேதம் ஆகும். அதனால் மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் ஒரு சிறு படையோடு இரவில் தெற்குக் குன்றின் செங்குத்தான பாறைகளில் ஏறினார். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமுடியாது என்று காவல் நம்பியிருந்த இடம் அது. உச்சிக் காவல் விழுந்ததும் கீழிருந்த மதில்களின் பீரங்கிகள் பயனற்றுப்போயின. அடுத்த சில நாட்களில் கோட்டாறு, நாகர்கோவில் பகுதியில் இன்னொரு மோதல் நடந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையின்றிப் பணிந்தன. மார்ச் மாதம் மண்ணடிக் கோயிலில் வேலுத்தம்பி உயிர்விட்டார். அவருடைய உடலைத் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தலக்குளத்து வீடு தரைமட்டமானது. 1810இல் ரெசிடென்டாக வந்த மன்றோ அடுத்த ஆண்டே திவான் பொறுப்பையும் ஏற்றார்.

இந்தப் போரை ஆராய்பவர் முதலில் கையிலெடுப்பது, 1830இல் வெளிவந்த வெல்ஷின் ராணுவ நினைவுகள். பாஞ்சாலங்குறிச்சிப் போரையும் கண்ணால் கண்டவர் அவர். மலையேற்றத்தை அவர் அளவுக்கு விரிவாக வேறு எவரும் சொல்லவில்லை. ஆனால் அது ஏறியவரின் பார்வை. மேலே காவல் நின்றவர்களுக்கு அதில் முகமில்லை. வில்சனின் சென்னை ராணுவ வரலாறு படைப்பிரிவுகளைச் சரிபார்க்க உதவும். சங்குண்ணி மேனோன் (1878), நாகமய்யா (1906) நூல்கள் அரண்மனைப் பக்கத்தைத் தருகின்றன. இருவருமே சமஸ்தான அதிகாரிகள் என்பதை மனத்தில் வைத்தே படிக்கவேண்டும்.

மூல ஆவணங்கள் சிதறிக் கிடக்கின்றன. கம்பெனிக் கடிதங்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தையும் நாடவேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956இல் தமிழகத்தோடு இணைந்தபோதும் பழைய சமஸ்தான ஏடுகள் திருவனந்தபுரத்திலேயே தங்கின. அவற்றைப் படிக்க மலையாளம் வேண்டும். பழைய எழுத்துமுறைகளும் தெரிந்திருக்கவேண்டும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவனப்படுத்திய, பின்னர் அ.கா. பெருமாள் நூலாக்கிய அழகியபாண்டிபுரம் முதலியார் ஓலைகள் நாஞ்சில் நாட்டார் வரியை எதிர்த்துக் கூடிப் பேசிய மரபைக் காட்டுகின்றன. 1799இல் மக்கள் திரண்டதை அந்த மரபோடு சேர்த்தே படிக்கவேண்டும்.