நேர்காணல் அளித்தவர்

2002ஆம் ஆண்டில் நான் ஒரு மனிதரை உருவாக்கினேன். வயது எழுபத்தெட்டு, பக்கத்துக் கம்போங்கில் பிறந்து வளர்ந்தவர், நல்ல ஞாபக சக்தி. எங்கள் வட்டாரத்துப் பழைய காவல் நிலையக் கட்டடத்தைப் பற்றி என்னிடம் இரண்டு மணி நேரம் பேசியவர். இப்படியெல்லாம் எழுதினேன். அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

கீழ்ப்படிவ வரலாற்றுப் பாடத்தில் வட்டார வரலாற்று ஆய்வு என்று ஒன்று இருந்தது. நாங்கள் அதை ‘ஃபோலியோ’ என்றுதான் சொல்வோம். மாணவன் தன் ஊரில் ஓர் இடத்தையோ மனிதரையோ தேர்ந்தெடுத்து, போய்ப் பார்த்து, கேட்டு, எழுத வேண்டும். தாளில் பார்த்தால் இன்று ‘விசாரணைவழிக் கற்றல்’ என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படும் எல்லாமும் அதில் இருந்தன: கேள்வி, களம், சான்று, முடிவு. நடந்தது வேறு. டவுனில் இருந்த சைபர் கஃபேயில் போன வருஷத்து ஃபோலியோக்கள் கிடைக்கும். ஒரு டிஸ்கெட் ஐந்து வெள்ளி. பெயரை மாற்ற வேண்டும், வேர்ட் ஆர்ட்டில் வளைந்த தலைப்பு போட வேண்டும், நன்றியுரைப் பக்கத்துக்கு ஒரு பூ பார்டர் வேண்டும். நான் வாங்கிய டிஸ்கெட்டில் நேர்காணல் பகுதி மட்டும் காலியாக இருந்தது. அதனால்தான் அந்தக் கிழவர் பிறந்தார். சிக்கு எனக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்.

நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது தாத்தா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாத்தா சயாமுக்குப் போய் வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில், 1942-43இல், சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட அந்த ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவர். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். தெரியும் என்பதாலேயே யாரும் கேட்கவில்லை. எப்போதாவது மழை பிடித்துக்கொண்டால் அவராகச் சொல்வார்: “சயாமுல ஒரே மழடா. செத்தவன கெடத்தக்கூட காஞ்ச எடம் இருக்காது.” அவ்வளவுதான். எந்த முகாம், யாரோடு போனார், எப்படித் திரும்பினார், ஒன்றும் எனக்குத் தெரியாது. 2004இல் இறந்துபோனார்.

இதை என் தனிப்பட்ட குற்றவுணர்ச்சியாக மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நான் இப்போது ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியன். பள்ளியின் புசாட் சும்பர், அதாவது நூலகமும் கணினிகளும் சேர்ந்த வள மையம், என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து யோசிக்கும்போது, கேள்வி கேட்கும் கல்வி என்பது இந்நாட்டுப் பள்ளிகளுக்குப் பலமுறை வந்திருப்பதும், ஒவ்வொரு முறையும் அது ஒரு பாரமாகவோ கருவியாகவோ உருமாறியதும் தெரிகிறது.

1997இல் ‘செக்கோலா பெஸ்தாரி’ திட்டத்தின் வரைவு வந்தது. 1999இல் 87 பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கியது. அந்த வரைவு வெறும் கணினியைப் பேசவில்லை. மாணவன் தன் போக்கில் தேடிக் கற்பதையும், ஆசிரியர் பக்கத்தில் நின்று வழிகாட்டுவதையும் பேசியது. ஆனால் பாட மென்பொருள் உருவானது மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்குத்தான். வரலாறு அதில் இல்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் எல்.சி.டி. புரொஜெக்டரும் வந்தன. புரொஜெக்டர் வகுப்பில் என்ன செய்யும்? எல்லாரையும் ஒரே திசையில் பார்க்க வைக்கும். கரும்பலகையும் அதைத்தான் செய்தது. 2013இல் எஸ்.பி.எம். வரலாற்றுக்கு மூன்றாம் தாள் வந்தது. அந்தத் தாள் இருந்த காலத்தில் ஒரு மாதத்துக்கு முன்பே கருப்பொருளைச் சொல்லிவிட்டார்கள், தேர்வு மண்டபத்துக்குள் புத்தகம் கொண்டு போக முடிந்தது. அருமையான யோசனை என்று இன்றும் நினைக்கிறேன். அந்த ஒரு மாதத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டியூஷன் குறிப்புகள்தான் மண்டபத்துக்குள் போயின. நீலாம் வாசிப்புத் திட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். முன்பு நோட்டுப் புத்தகத்தில் எண்ணிக்கை ஏற்றினோம், இப்போது இணையத்தில் ஏற்றுகிறோம்.

அமெரிக்க நூலகவியல் ஆய்வாளர் கேரல் குல்தாவ் 1980களில் மாணவர்கள் தகவல் தேடும்போது என்ன உணர்கிறார்கள் என்று கவனித்தார். அவர் கண்டது எளிமையானது. தலைப்பு கிடைத்ததும் உற்சாகம் வருகிறது. தேடத் தொடங்கிய பிறகு அது குறைந்து, குழப்பமும் சந்தேகமும் கூடுகின்றன. அந்தக் குழப்பத்தைக் கடந்த பிறகுதான் மாணவனுக்கு அவனுடைய சொந்தக் கேள்வி பிடிபடுகிறது. குழப்பம் கற்றலின் பகுதி. எங்கள் ஐந்து வெள்ளி டிஸ்கெட் எங்களுக்கு விற்றது தகவலை அல்ல என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது. குழப்பமே இல்லாமல் முடித்துவிடும் வசதியைத்தான் அது விற்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஜப்பானியர் காலத்தைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தேடி வரச் சொன்னேன். ஒரு மாணவி சயாம் ரயிலை எடுத்துக்கொண்டாள். ஆற்றின் மேல் மிகப் பெரிய மரப்பாலம் ஒன்று நிற்கும் படத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தாள். ஐந்து வினாடி பார்த்தேன். கஞ்சனாபுரியில் இன்றும் நிற்பது இரும்புப் பாலம். இது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் காட்சி. 1957இல் வந்த அந்தப் படத்துக்காக அந்தப் பாலத்தை இலங்கையின் கித்துல்கலவில் கட்டினார்கள். தப்பு என்று சொல்லித் திருத்தியிருப்பேன். அதற்குள் அவள் கேட்டாள்:

“ஐயா, இதுல எல்லாம் வெள்ளக்காரங்களா இருக்காங்க. நம்ம ஆளுங்க போனாங்கன்னு சொன்னீங்களே, எங்க?”

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால்தான் அன்றைக்குப் பாடம் நடந்தது.

முதலில் படம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். படத்தை வைத்தே தேடும் முறையைக் காட்டினேன். சினிமா என்று தெரிந்ததும் வகுப்பில் ஒரே சிரிப்பு. அடுத்து, இணையதளத்தை எப்படி நம்புவது என்ற பேச்சு வந்தது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் மூவரிடமும் ஒரே இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். சரிபார்ப்பாளர்களே சீக்கிரமாக உண்மையைக் கண்டார்கள், ஏனென்றால் அவர்கள் அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே வெளியே போய் இதை யார் நடத்துகிறார்கள் என்று மற்ற இடங்களில் பார்த்தார்கள். பேராசிரியர்களில் பலர் அழகான முகப்பில் ஏமாந்தார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல்.

பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் கேள்வி கேட்பது தமிழில். வரலாற்றுப் பாடம் மலாயில். தேடினால் நிறைய வருவது ஆங்கிலத்தில். ஒவ்வொரு மொழியிலும் அந்த ரயில் வேறு ரயில். ஆங்கிலத்தில் தேடினால் போர்க்கைதிகள். அவர்களுக்குப் பெயர் உண்டு, படைப்பிரிவு எண் உண்டு, கஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7000 பேருக்கு வரிசையாகக் கல்லறை உண்டு. நம் ஆட்களுக்கு மதிப்பீடுகள்தான் உண்டு. ஒரு தளத்தில் ஓர் எண், இன்னொன்றில் இன்னோர் எண். “எது சரி ஐயா?” என்றான் ஒரு பையன். ஏன் எண்ணவில்லை என்று கேட்கலாமா என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பேரு எழுதி வைக்கல போல” என்றான். தேடுபொறிக்குள் இருப்பது யாரோ எப்போதோ எழுதி வைத்ததுதான் என்பதை நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

புசாட் சும்பர் அலமாரியில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண இரயில்’ நாவல் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். “இது கதைதானே, இத சான்றா வைக்கலாமா?” என்று கேட்டார்கள். அரைமணி நேரம் அதிலேயே போனது. முடிவுக்கு வரவில்லை. அன்றைய கணிதப் பாடமும் போனது, அதற்காகக் கணித ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். பயத்தோடுதான் சொன்னேன், என் காவல் நிலையக் கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். ஒரு தாள் கொடுத்தேன்: யார் சொன்னது, அவர் பார்த்ததா கேட்டதா, எந்த ஆண்டு. இருபத்திரண்டு பேரில் பதினாறு பேர் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதி வந்தார்கள். பொய்யாக ஒருவரை உருவாக்குவதைவிட அது மேல் என்று எல்லாருக்கும் முழுமதிப்பெண் போட்டேன்.

அந்த மாணவியின் தாளில் இப்படி இருந்தது. சொன்னது: பாட்டி. பார்த்ததா கேட்டதா: கேட்டது, அவங்க அம்மா சொன்னாங்க. என்ன: பாட்டியோட மாமா லாரியில போனாரு, வரல. பெயர் என்ற இடத்தில் ‘முனியன் (அல்லது முனியாண்டி)’ என்று எழுதியிருந்தாள். ஆண்டுக்கு ஒரு கேள்விக்குறி.

“பேரு ரெண்டு எழுதியிருக்கியேம்மா?”

“பாட்டிக்கே சரியா தெரியல ஐயா. ஜொகூர்ல பெரிய பாட்டி இருக்காங்க. தீபாவளிக்கு வருவாங்க, அப்ப கேக்கறேன்.”