டபடப படகும் ஒரு கேள்வியும்

சின்ன வயசுல திருவிழாக் கடையில தகரப் படகு வாங்கியிருக்கீங்களா? உள்ளே ஒரு குட்டித் திரி. ஏத்தி வச்சு அண்டாத் தண்ணில விட்டா டபடபன்னு சுத்தி வரும்.

அக்கா பையன் அஞ்சாவது படிக்கிறான். ஆற்றல் மாற்றத்தைக் காட்டுற மாதிரி பொம்மை ஒண்ணு செய்யணும்னு வந்து நின்னான். "நீ இன்ஜினியர்தானே மாமா?" கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற இன்ஜினியர்னு அவனுக்கு எப்படிச் சொல்றது! உடனே ஞாபகம் வந்தது அந்தப் படகுதான். வெப்பம் இயக்கமா மாறுது, கண்ணெதிர்ல.

இதோட கதை பழசு. தாமஸ் பியோ என்பவர் 1891-லேயே பிரிட்டனில் காப்புரிமை கேட்டிருக்கிறார். குட்டி கொதிகலன், பின்பக்கம் இரண்டு குழாய், அவ்வளவுதான். பிஸ்டன், வால்வு எதுவும் கிடையாது. 1915-ல் அமெரிக்காவின் சார்லஸ் மெக்யூ கொதிகலனுக்கு மெல்லிய தகட்டை மூடியா வச்சார். அது உப்பி அமுங்குறதுதான் நாம கேட்ட டபடப. 1920-ல் வில்லியம் பர்செல் கொதிகலனையே தூக்கிட்டு, சுருட்டிய குழாயை வச்சார்.

எங்களுக்கு பர்செல்தான் சரிப்பட்டார். ஈயம் பத்தவைக்கிற வேலையே இல்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில வாங்கின மெல்லிய செம்புக் குழாயை பென்சில்ல ரெண்டு சுத்து சுத்தி, ரெண்டு முனையையும் தகர டப்பா மூடி வழியா பின்பக்கம் தண்ணிக்குள்ள விட்டோம். ஓட்டையை எம்-சீல் வச்சு அடைச்சு, குழாயில தண்ணி நிரப்பி, சுருளுக்கு அடியில மெழுகுவத்தி. கொஞ்ச நேரத்துல நகர ஆரம்பிச்சது!

"சத்தமே வரலையே மாமா" என்றான். தகடு இல்லையேடா என்றேன். நீராவி தண்ணியைப் பின்னாடி தள்ளுது, குளிர்ந்து அடங்கினதும் வெளித்தண்ணி உள்ளே ஏறுது, திரும்பக் கொதிக்குதுன்னு பெருமையா விளக்கினேன்.

"அப்ப உறிஞ்சும்போது படகு பின்னாடி போகணுமே?"

முழிச்சேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் எனக்கு இது தோணினதே இல்லை. "நாளைக்குச் சொல்றேன்"னு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

மறுநாள் மெழுகுவத்தியை ஏத்தி, "ஊது" என்றேன். அணைஞ்சது. திரும்ப ஏத்தி, "அதே தூரத்துல இருந்து மூச்சை உள்ளே இழு" என்றேன். சுடர் லேசா ஆடினதோட சரி. வெளியே போற தண்ணி ஒரே திசையில பாயுது. உள்ளே வர்றது எல்லாப் பக்கமிருந்தும் வருது, வந்த வேகத்தையும் குழாய்க்குள்ளேயே இழந்துடுது. அதனால கணக்குல மிஞ்சுறது முன்னாடி தள்ளுற விசைதான்.

கொடுக்கிற வெப்பத்துல ஒரு சதவீதம்கூட இயக்கமா மாறுறதில்லை. அதனாலதான் இது கப்பலாகாம பொம்மையாவே நின்னுடுச்சு. ஆனா அந்தக் கேள்வியைக் கேட்க வச்சதே, அது போதாதா?

பையன் திரும்பத் திரும்ப ஊதி அணைச்சுக்கிட்டே இருந்தான். நான் ஏத்திக்கிட்டே இருந்தேன் :-)